விலக்கில் நிற்பவருக்கு ஒன்பது விநாடி

நெடுஞ்சாலைகளின் வேக வரம்பை உயர்த்தி மத்திய அரசு 2018 ஏப்ரல் 6 அன்று அறிவிக்கை வெளியிட்டது. நடுத்தடுப்பு உள்ள நான்கு வழிச்சாலையில் காருக்கு மணிக்கு 100 கிலோமீட்டர், விரைவுச்சாலையில் 120 கிலோமீட்டர் என்று அது நிர்ணயித்தது. நான்கு வழிச்சாலையில் பேருந்துக்கு 90, லாரிக்கும் பைக்குக்கும் 80, ஆட்டோவுக்கு 50. மற்ற சாலைகளில் காருக்கு 70, பேருந்துக்கும் லாரிக்கும் பைக்குக்கும் 60. வாகன எஞ்சின்களும் சாலைகளும் மேம்பட்டுவிட்டன என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். விபத்து இழப்பீடு தொடர்பான மேல்முறையீடு ஒன்றில், 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அதற்கு முந்தைய 2014-ஆம் ஆண்டின் வேக வரம்பு அறிவிக்கையையே மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னது. ஆனாலும், ஒரு சாலை அகலமாகும் ஒவ்வொரு முறையும் வேகத்தை ஏற்றலாமா என்ற கேள்வி திரும்பி வருகிறது.

மதுரையைச் சுற்றி இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாடிப்பட்டி, சமயநல்லூர் வழியாக வந்து, நகரை ஒதுக்கிவிட்டு, கப்பலூர், திருமங்கலம், கள்ளிக்குடி என விருதுநகருக்கு இறங்குகிறது. 38-ஆம் எண் சாலை திருச்சியிலிருந்து மேலூர் வழியாக வந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடி செல்கிறது. 87 திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமேசுவரத்துக்கும், 85 செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாகத் தேனிக்கும், 744 டி.கல்லுப்பட்டி வழியாக ராஜபாளையத்துக்கும் போகின்றன. நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலம் 2023-இல் திறக்கப்பட்டது. பெரும்பாலும் சமவெளி, வளைவு குறைவு, ஏற்ற இறக்கம் குறைவு. இப்படிப்பட்ட நேர்ச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டியவருக்கு 100 கிலோமீட்டர் வேகமும் மெதுவாகத் தோன்றும்.

மிச்சமாகும் நேரம்

வேகத்தை ஏற்றினால் கிடைப்பது நேரம். மதுரையிலிருந்து திண்டுக்கல் பக்கமோ விருதுநகர் பக்கமோ 60 கிலோமீட்டர் போகும் ஒருவர், சீராக 80-இல் போனால் 45 நிமிடத்தில் சேர்வார். 100-இல் போனால் 36 நிமிடம். 120-இல் போனால் 30 நிமிடம். முதல் உயர்வில் ஒன்பது நிமிடமும் அடுத்த உயர்வில் ஆறு நிமிடமும் மிச்சம். வேகம் கூடக்கூட லாபம் சுருங்குகிறது. சுங்கச்சாவடியில் ஒரு வரிசை, ஊர் எல்லையில் ஒரு நெரிசல் குறுக்கிட்டால் அந்த ஆறு நிமிடமும் கரைந்துபோகும்.

ஆபத்தின் கணக்கு நேர்மாறானது. வேகம் 80-இலிருந்து 100 ஆகும்போது அது கால் பங்குதான் கூடுகிறது. மோதலில் வெளிப்படும் ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. 120 ஆனால் அது இரண்டே கால் மடங்கு. இந்தியச் சாலை வடிவமைப்பு விதிகளின்படி, 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநர் ஒரு தடையைக் கண்டு வண்டியை நிறுத்த 120 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 180 மீட்டர். இரவில் காரின் தாழ்ந்த விளக்கு வெளிச்சம் ஏறக்குறைய 50, 60 மீட்டர்தான் எட்டும். இருட்டிய பிறகு 100-இல் போகும் எந்தக் காரும் தன் வெளிச்சத்துக்கு அப்பால் உள்ளதைக் காணாமலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துகள் ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பாதசாரியைக் கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதைவிட 65-இல் மோதும்போது அவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு.

விலக்கு

சமவெளி நெடுஞ்சாலையின் உண்மையான பிரச்சினை காருக்குள் இல்லை. அது விலக்கில் நிற்கிறது. பெருஞ்சாலையிலிருந்து கிராமத்துக்குப் பாதை பிரியும் இடத்தை இந்தப் பகுதியில் விலக்கு என்பார்கள். அங்கே ஒரு நிழற்குடை, ஒரு டீக்கடை, பஞ்சர் ஒட்டும் கடை, ஷேர் ஆட்டோ. ஊர் ஒரு பக்கம். வயல், கண்மாய், பள்ளி, ரேஷன் கடை இவற்றில் ஏதாவது ஒன்று மறுபக்கம். சாலை இரண்டு வழியாக இருந்த காலத்தில் அது ஊர்த் தெருவின் தொடர்ச்சி. நான்கு வழியானபோது தெருவின் நடுவே தடுப்பு எழுந்தது. ஆனால் வயலும் கண்மாயும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆகவே மக்கள் இன்றும் கடக்கிறார்கள்.

கடப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான்கு வழிச்சாலையின் ஒரு பாதி, ஓரத்தளத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்பது மீட்டர் அகலம். தலையில் புல்லுக்கட்டோடு விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு ஒன்பது விநாடி தேவை. அவர் வண்டி எவ்வளவு தொலைவில் வருகிறது என்று பார்த்துத்தான் காலை எடுத்து வைக்கிறார். அதன் வேகத்தை அளக்க அவரிடம் கருவி இல்லை. 200 மீட்டருக்கு அப்பால் கார் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது 80-இல் வந்தால் ஒன்பது விநாடி ஆகும். அவர் நடுத்தடுப்பைத் தொட்டுவிடுவார். அதே கார் 100-இல் வந்தால் 7.2 விநாடியில் வந்துவிடும். அப்போது அவருக்கு இன்னும் 1.8 மீட்டர் பாக்கி. அந்தக் கடைசி 1.8 மீட்டர் நடுத்தடுப்பை ஒட்டிய வலது தடம். முந்திச் செல்லும் கார் ஓடும் தடம். வரம்புப் பலகையில் 80 என்ற எண் 100 ஆக மாறினால், மூதாட்டி எந்தத் தவறும் செய்யாமலே சாலையின் மிக ஆபத்தான இடத்தில் நிற்க நேர்கிறது. 120 என்றால் ஆறே விநாடி.

நடுத்தடுப்பை அடைந்த பிறகும் அபாயம் தீர்வதில்லை. எதிரே வரும் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யாமல் இருக்க நடுவில் அரளி வளர்க்கப்படுகிறது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த அரளி ஒளியை மறைப்பதோடு, இடைவெளியில் நிற்கும் ஆளையும் ஓட்டுநரிடமிருந்து மறைக்கிறது. செடியின் மறைவிலிருந்து ஒரு கால் வெளியே வந்த பிறகே அங்கே ஒருவர் இருப்பது தெரிகிறது.

எதிர்த்திசையில் வரும் மொபெட்டும் இதே காரணத்தால் வருகிறது. சாலையின் அடுத்த பக்கத்தில் உள்ள தோட்டத்துக்குப் போக, நடுத்தடுப்பின் அடுத்த இடைவெளி வரை சென்று திரும்ப வேண்டும். அந்தத் தூரம் அதிகமானால் பால் கேனோடு போகும் விவசாயி ஓரமாகவே எதிர்த்திசையில் ஓட்டுகிறார். அது விதிமீறல்தான். ஆனால் சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இல்லாத இடங்களில் அந்த மீறலைச் சாலையே உருவாக்குகிறது.

ஒரே சாலையில் பல வேகங்கள்

புதிய சரக்கு வாகனங்களுக்கும் பேருந்துகளுக்கும் 80 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2015 அக்டோபர் முதல் கட்டாயம். காருக்கு 100 என்றால் லாரிக்கும் காருக்கும் இடையே 20 கிலோமீட்டர் வித்தியாசம். அதே தடத்தில் மொபெட் 40-இல் போகிறது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் அதிலும் பாதியில் ஊர்கிறது, கீதாரி ஆட்டுக்கிடையோடு கடக்கிறார். விபத்தைப் பெரிதாக்குவது இந்த வித்தியாசம். பின்பக்கம் சிவப்பு விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாத டிராக்டர் ட்ரெய்லரை நெருங்கிய பிறகு கண்டுகொள்ளும் காருக்கு 180 மீட்டர் கிடைப்பதில்லை.

இருவழிச் சாலைகளில் நிலைமை இன்னும் கடினம். 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்னொரு வண்டியைப் பாதுகாப்பாக முந்த 470 மீட்டர், 100-இல் 640 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்கின்றன வடிவமைப்பு விதிகள். புளியமரங்களும் கடைத்தெருக்களும் நெருங்கி நிற்கும் சாலையில் அரை கிலோமீட்டருக்கு மேல் மறைப்பில்லாத பார்வை அரிது. பேரையூர், கல்லுப்பட்டி வட்டாரத்துக் கிராமச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் குதிரைவாலியும் சோளமும் தாரின் மேலேயே காய்கின்றன. மேலூர்ப் பக்கம் நெல். தைப்பூசத்துக்கு முன்பு பழனிக்கு நடப்பவர்கள் இரவெல்லாம் சாலை ஓரத்தில் வரிசையாகப் போகிறார்கள்.

எண்ணிக்கை சொல்வது

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். இந்த மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணமாகப் பதிவானது. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் ஐந்து சதவீதமே. மரணங்களில் அவற்றின் பங்கு 60 சதவீதம். இறந்தவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், ஏறத்தாழ 20 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 உடன் முதலிடத்திலும், 17,884 மரணங்களுடன் இரண்டாம் இடத்திலும் இருந்தது.

பிற நாடுகளின் அனுபவமும் ஒத்துப்போகிறது. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974-இல் அமெரிக்கா நாடு முழுவதற்கும் 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்தது. 1987-இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் அது 65 மைலாகத் தளர்ந்தது. 1995-இல் தேசிய வரம்பே நீங்கியது. அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இந்தத் தளர்வால் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 12,500 பேர் என்று 2009-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பிரான்ஸ் 2018 ஜூலையில் நடுத்தடுப்பு இல்லாத கிராமப்புறச் சாலைகளின் வரம்பை 90-இலிருந்து 80 ஆகக் குறைத்தது. அமெரிக்காவின் விரைவுச்சாலைகளில் ஆடும் இல்லை, புல்லுக்கட்டும் இல்லை. அங்கேயே இந்த நிலை.

பெரும்பாலான ஓட்டுநர்கள் இயல்பாகப் போகும் வேகத்துக்கு ஒத்துவராத வரம்பை யாரும் மதிப்பதில்லை என்பது வரம்பை உயர்த்தக் கோருவோரின் வாதம். ஊரே இல்லாத, வேலியிட்ட சாலைக்கு அது பொருந்தலாம். விலக்குகள் உள்ள சாலைக்குப் பொருந்தாது.

செய்ய வேண்டியது

சட்டம் இடம் தருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி, பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மையைக் கருதியோ குறிப்பிட்ட இடங்களில் வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. எனவே ஒரு நெடுஞ்சாலை முழுவதற்கும் ஒரே எண் என்ற கட்டாயம் இல்லை. சுரங்கப்பாதையும் தொடர்ச்சியான சர்வீஸ் ரோடும் உள்ள பகுதியில் ஓர் எண், விலக்கு வரும் இடத்தில் 50 என்று வைக்கலாம். அதற்கு முன்னால் அதிர்வுக் கோடுகள், இடைவெளிகளில் உயர்கோபுர விளக்கு, இருபுறமும் அரளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டுதல், டிராக்டர் ட்ரெய்லர்களுக்கு ஒளிரும் பட்டை ஆகியவை பெரிய செலவு இல்லாதவை. 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் பத்துப் பேர் இறந்தாலோ, மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் நடந்தாலோ அந்த இடம் விபத்துக் கரும்புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறது. பத்துப் பேர் இறக்கும் வரை காத்திருக்காமல், மக்கள் கடக்கும் ஒவ்வொரு விலக்கையும் இப்போதே அப்படிக் கருத வேண்டும்.

மறுபக்கம் போக மக்கள் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிராத பகுதிகளில் மட்டுமே வேக வரம்பை உயர்த்தலாம். மதுரைச் சமவெளியின் நெடுஞ்சாலைகளில் அப்படிப்பட்ட பகுதி குறைவு. மூதாட்டிக்குத் தேவையான ஒன்பது விநாடியைச் சாலை உறுதிசெய்யும் வரை, காரில் போகிறவர் ஒன்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரட்டும்.