சுந்தரவனத்துச் செம்மறியும் மரபணுத் திருத்தமும்

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நாம், சுந்தரவனத்தைப் புலியின் உறைவிடமாகவே எண்ணிப் பழகியுள்ளோம். அங்கே 'காரோல்' என்னும் சிறு செம்மறியாடும் வளர்கிறது. உருவில் மிகச் சிறிய இவ்வாடு, சதுப்பு நிலத்தில் முழங்கால் அளவு நீரில் நின்றும் மேயும். ஒரே ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகளை ஈனும்.

1792, 1793ஆம் ஆண்டுகளில் இத்தகைய வங்காள ஆடுகள் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. அவற்றின் வழியே வந்ததாகக் கருதப்படும் இப்பண்பு, அங்குள்ள 'பூருலா' என்னும் மெரினோ மந்தையில் பின்னாளில் வெளிப்பட்டது. அதன் காரணம் 2001இல் புலனாயிற்று. கருமுட்டை முதிர்ச்சியோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. எழுத்து என்பது, மரபணுவில் வரிசையாக அமைந்த நால்வகை வேதிப்பொருள்களுள் ஒன்றாகும். காரோல் ஆட்டிலும் அதே மாற்றம் காணப்பட்டது.

இவ்வெழுத்தைப் பிற இனத்திற்கு அளிப்பது எவ்வாறு? பழைய வழி கலப்பினப் பெருக்கம். மகாராஷ்டிரத்துப் பல்டண் நகரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார், காரோலைத் தக்காண ஆட்டுடன் கலந்து, தலைமுறைதோறும் தேர்ந்து, 'சுவர்ணா' ஆட்டை உருவாக்கினர். காரோலின் சிற்றுடலை விலக்கி அம்மரபணுவை மட்டும் நிலைநிறுத்தப் பல்லாண்டு உழைப்பு வேண்டியதாயிற்று.

புதிய வழி மரபணுத் திருத்தம். 1996இல் சந்திரசேகரன் குழுவினர் அமெரிக்காவில் அமைத்த 'துத்தநாக விரல்' நொதி, குறித்த இடத்தில் மரபணு இழையை வெட்டியது. ஆயினும் ஒவ்வோர் இடத்திற்கும் புதுப் புரதம் அமைக்க வேண்டியிருந்தது. 2012இல் வெளியான 'கிரிஸ்பர்' முறை இத்தொல்லையை நீக்கிற்று. இதில் சிறு ஆர்.என்.ஏ. இழை வழிகாட்ட, 'கேஸ்9' என்னும் புரதம் வெட்டுகிறது. இடம் மாறினால் வழிகாட்டியை மட்டும் மாற்றினால் போதும். இம்முறையால் அந்தப் பூருலா எழுத்தையே செம்மறிக் கருவில் பதித்த செய்தியைச் சீன விஞ்ஞானிகள் 2018இல் வெளியிட்டனர். தசை வளர்ச்சியை அடக்கும் மரபணுவைத் திருத்திப் பெற்ற செம்மறிக் குட்டியைக் காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் 2025இல் அறிவித்தது.

எனினும் எச்சரிக்கை தேவை. கத்தரி வேறிடத்திலும் வெட்டக்கூடும். திருத்தம் உடலின் எல்லா உயிரணுக்களிலும் பரவாதிருக்கவும் கூடும். மூன்று குட்டி ஈன்ற தாய்க்குப் பாலும் தீவனமும் போதாவிடில், மிகுந்த குட்டி ஏழை இடையனுக்குச் செல்வமாவதில்லை, இழப்பே ஆகும்.

இன்னொன்றும் நாம் மறத்தலாகாது. ஆய்வுக்கூடம் அவ்வெழுத்தைப் படைக்கவில்லை. சுந்தரவனத்து உழவர் பேணிய ஆட்டிலிருந்தே கற்றது. ஓரெழுத்தைப் பெயர்த்தெடுக்கலாம், உவர்ச்சேற்றில் பிழைக்கும் திறன் முழுவதையும் அவ்வாறு பெயர்க்க இயலாது. ஆகவே திருத்தும் கலை வளர்வதோடு, அச்சிற்றாடும் தன் மண்ணில் வாழ்தல் வேண்டும்.