வம்சாவளியும் வர்க்கமும்: கண்டி வரலாற்றை முன்வைத்து ஒரு குறிப்பு

வம்சாவளி என்பது பொதுவாகக் குருதியுறவின் பதிவாகவே கொள்ளப்படுகின்றது. ஆயின், எவருடைய முன்னோர் எண்ணப்படுகின்றனர், எவருடைய முன்னோர் விடப்படுகின்றனர் என்பதைத் தீர்மானிப்பது குருதியன்று, அதிகாரமும் சொத்துறவுகளுமே. கண்டியின் வரலாற்றில் பெண்ணின் வம்சாவளிக்கு நேர்ந்த மாற்றங்களை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும். அம்மாற்றங்களைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி அரசில் தந்தை அரசனாயிருத்தல் மட்டும் ஒருவனை அரியணைக்கு உரியவனாக்கவில்லை. தாயும் அரச குலத்தவளாதல் வேண்டும் எனக் கருதப்பட்டது. இதன் காரணமாக, மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்களைப் பட்டத்தரசியராகக் கொள்ளும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜசிங்கன் காலந்தொட்டு நிலைபெற்றது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழகத்திலே நிலைத்துவிட்ட குலத்தினர் இவர்கள். இம்மணவுறவுகளுக்கு அரசியற் பயனும் இருந்தது. நிலவுடைமைப் பிரதானிகளின் குடும்பம் ஒன்றிலிருந்து அரசி தெரிவுசெய்யப்படின், அக்குடும்பம் ஏனையவற்றின்மீது மேலோங்கும். கடல்கடந்து வந்த மணப்பெண் அப்போட்டிக்கு இடமளிக்கவில்லை.

1739இல் வீர நரேந்திரசிங்கன் இறந்தபோது இம்மரபின் வலிமை வெளிப்பட்டது. சிங்களப் பிரதானிகள் குலப் பெண்ணொருத்தி வழியாக அவனுக்கு உனம்புவே என்ற மகன் இருந்தான். ஆயினும் தாயின் குலம் அரச குலமன்று என்பதால் அவன் ஒதுக்கப்பட்டான். மதுரையிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தானே ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயருடன் முடிசூடினான். 1747இல் அவன் மகப்பேறின்றி இறந்தபோதும், அவனது அரசியின் உடன்பிறந்தானான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனே ஆட்சிக்கு வந்தான். இருமுறையும் அரியணை பெண்ணின் வம்சாவளி வழியாகவே கைமாறிற்று. எனினும் மதிக்கப்பட்டது அவளது வம்சாவளியே. அவள் ஆட்சியுரிமை பெற்றாளல்லள் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

பிரித்தானியர் இவ்வம்சாவளியைத் தம் தேவைக்கேற்ப இருவகையாகப் பயன்படுத்தினர். 1798இல் இறந்த இராஜாதி இராஜசிங்கனுடைய அரசியின் உடன்பிறந்தான் முத்துசாமி ஆவான். 1803இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர் அவனையே அரசனாக அமர்த்தினர். அப்பொழுது அரசிவழி உறவு அவர்களுக்கு ஏற்புடைய உரிமையாகத் தோன்றிற்று. சில மாதங்களில் அவர்களுடைய படை சரணடைந்தது. முத்துசாமி கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1815 மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான கண்டி உடன்படிக்கை அதே உறவைக் குற்றமாக்கிற்று. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனுடன் குருதியாலோ மணத்தாலோ தொடர்புடைய ஆண்கள் அனைவரும் அரசின் பகைவராக அறிவிக்கப்பட்டனர். எழுத்துமூல அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுள் நுழைதல் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. அரசனும் குடும்பத்தாரும் வேலூருக்கு அனுப்பப்பட்டனர். அங்கேயே அவன் 1832இல் இறந்தான்.

தென்னிந்தியருக்கு இவ்வாறு மூடப்பட்ட மலைநாடு, மூலதனத்தின் தேவைக்காக அவர்களுக்கே மீண்டும் திறக்கப்பட்டது. கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியதோடு மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளின் வறிய உழவர்கள் கங்காணிமாரின் கடனுக்குட்பட்டு நடந்தே வந்தனர். 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடப்பட்ட பின்னர், கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பு பெருந்தோட்டத் தொழிலின் அடிப்படையாயிற்று. முன்னர் அரசியர் வந்த அதே தமிழ்நிலத்திலிருந்தே இப்பெண்களும் வந்தனர். ஆயின் தோட்டத்துச் செக்ரோலுக்கு அவர்களது பெயரும் நாட்கூலியும் போதுமானவை. அவர்களின் முன்னோர் எவரென்பது வேண்டப்படவில்லை.

அது வேண்டப்பட்டது 1948இலேயே. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதுமானதன்று. தந்தை இங்கு பிறந்தவராயிருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவராயிருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத காலத்து முன்னோர்க்குச் சான்று காட்டும்படி தொழிலாளர் கேட்கப்பட்டனர். முறைப்படி மணந்த பெற்றோரின் பிள்ளைக்குத் தாயின் பிறப்பு கணக்கில் எடுக்கப்படவில்லை. தாயும் தாயின் தாயும் அதே லயத்திற் பிறந்திருப்பினும் பயனில்லை. அரசிக்கு அரியணை ஈந்த தாய்வழி, தொழிலாளப் பெண்ணுக்கு வாக்குச்சீட்டையேனும் ஈயவில்லை.

இச்சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் எதிர்த்தன. எனினும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் பங்காளியாயிருந்தது என்பதை முற்போக்காளராகிய நாம் மறைத்தலாகாது. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

அரசியரின் கொடிவழி வரலாற்று நூல்களில் உண்டு. தோட்டப் பெண்களின் கொடிவழியோ ஆவணங்களிற் குறைவு. அவர்களுடைய தாலாட்டிலும் ஒப்பாரியிலுமே அதனைத் தேடுதல் வேண்டும். தாய்வீட்டையும் உடன்பிறந்தாரையும் பெயர்சொல்லி நினையும் அப்பாடல்களை வெறும் நாட்டாரிலக்கியமாக மட்டும் தொகுக்காது, சட்டம் ஏற்க மறுத்த குடும்ப வரலாற்றின் சான்றுகளாகவும் ஆராய்தல் தமிழியல் மாணவர் ஏற்கவேண்டிய கடமையாகும்.