உதவியின் பாதைகள் – 9: ஒஸ்லோவிலிருந்து உகாண்டாவின் வகுப்பறை வரை

தொண்டு செய்யப் புறப்படுபவரின் நல்லெண்ணமும், அவர் போய்ச்சேரும் பள்ளிக்கூடத்தின் தேவையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதை அரசு மட்டத்திலேயே ஏற்று, தன் தொண்டர் திட்டத்தைத் திருத்தி அமைத்துக்கொண்ட நாடு நோர்வே. அமெரிக்காவில் 1961இல் கென்னடி தொடங்கிய பீஸ் கோர் என்னும் தொண்டர் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு, நோர்வே நாடாளுமன்றமான ஸ்டோர்டிங்கின் ஒப்புதலுடன் 'ஃபிரெட்ஸ்கோர்ப்செட்' உருவாக்கப்பட்டது. உகாண்டா 1962இல் விடுதலை பெற்றது. மறு ஆண்டே இவ்வமைப்பின் முதல் தொண்டர்கள் அங்கு அனுப்பப்பட்டனர். ஆசிரியர்கள், தாதியர், விவசாயம் தெரிந்தோர், கைத்தொழில் அறிந்தோர் எனப் பலரும் இத்திட்டத்தின்கீழ் வழக்கமாக இரண்டாண்டு தங்கிப் பணியாற்றினர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. கொடுப்பவர் வடக்கிலும் பெறுபவர் தெற்கிலும் இருக்க, கற்றுக்கொள்ள வேண்டியவர் தெற்கில் இருப்பவர் மட்டுமே என்ற எண்ணம் அதன் அடித்தளத்திலேயே இருந்தது. அதனால் 2000ஆம் ஆண்டில் பழைய முறை கைவிடப்பட்டு, நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பரிமாற்ற முறை வந்தது. நோர்வேயர் ஒருவர் ஆப்பிரிக்காவுக்குச் செல்வதைப் போலவே ஆப்பிரிக்கர் ஒருவர் நோர்வேக்கு வந்து பணியாற்றுவதும், தெற்கு நாடுகள் தமக்குள்ளேயே ஆட்களை அனுப்பிக்கொள்வதும் இதில் அடங்கும். ஒஸ்லோவில் இயங்கிய தலைமையகம் 2018இல் நோர்வேயின் மேற்குக் கரையோரப் பகுதியிலுள்ள ஃபோர்டெ நகருக்கு இடம்பெயர்ந்ததுடன், அமைப்பின் பெயரும் நோரெக் என மாறியது.

அரசு முறை இவ்வாறு திருந்தினாலும், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் புகுமுன் ஓராண்டு இடைவெளி எடுக்கும் இளைஞர்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சில வாரங்களுக்கு ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பும் தனியார் ஏற்பாடுகள் பல நாடுகளில் பெருகியுள்ளன. அங்கு நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். புதியவர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் சிறு பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பற்றிக்கொள்வர், தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பர், பாட்டுப் பாடச் சொல்வர். ஓரிரு நாளிலேயே பாசம் வேரூன்றிவிடும். ஆனால் உகாண்டாவின் கிராமப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்கு வட்டார மொழியே பயிற்றுமொழி என 2007இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் வகுத்திருப்பதால், லுகாண்டாவோ அச்சோலியோ அறியாத தொண்டரால், தம்மை அதிகம் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிறு பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்த இயலாது. அவர் விடைபெற்றுச் சென்றபின், விட்டுப்போன பாடத்தை அவ்வூர் ஆசிரியரே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பாசத்துக்கும் ஒரு விலை உண்டு. குழந்தை தன்னைப் பேணும் ஒரு சிலரிடம் நிலையான பிணைப்புக் கொண்டு வளர்கிறது என்பது ஆங்கில உளவியலாளர் ஜான் பௌல்பி வகுத்த பற்றுதல் கோட்பாட்டின் சாரம். லிண்டா ரிக்டர், ஏமி நார்மன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தென்னாப்பிரிக்கப் பகுதியின் குழந்தை இல்லங்களில் குறுகிய காலத் தொண்டர்களோடு பிணைப்பு உண்டாவதும் உடனே அறுபடுவதும் மாறிமாறி நிகழ்வது இளங்குழந்தைகளுக்குக் கேடு என எச்சரித்தது. மாலையில் தாயிடமோ பாட்டியிடமோ திரும்பும் பள்ளிப் பிள்ளையின் நிலை இல்லக் குழந்தையின் நிலையைப் போல் அவ்வளவு கடுமையானதன்று என்றாலும், வருவோர் போவோரையெல்லாம் நம்பப் பழக்குவது எந்தப் பிள்ளைக்கும் நல்லதன்று.

நோர்வே தன் பிள்ளைகள் விடயத்தில் கடைப்பிடிக்கும் அளவுகோலும் இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது: பள்ளியில் பணிக்குச் சேர்பவர் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும், 2017 முதல் ஆசிரியர் பயிற்சியே ஐந்தாண்டு முதுநிலைப் படிப்பாகியுள்ளது. ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன்?

வெளியார் வந்து உதவும் இம்முறைக்கு மாறாக, எதிர்த்திசையில் சென்று கற்றுத் திரும்பியதற்குத் தமிழரிடமே ஒரு சான்று உண்டு. 1956இல் நோர்வேயை அடைந்த முதல் ஈழத்தமிழராகக் கருதப்படும் அந்தோனி இராஜேந்திரம், அங்கு மீன்பிடித் தொழில் நுட்பத்தைக் கற்று, நோர்வே நண்பர்களின் துணையோடு 1967இல் சீநோர் நிறுவனத்தை யாழ்ப்பாணத்தில் நிறுவினார். காரைநகரில் படகுகளும் குருநகரில் வலைகளும் உருவாயின. ஊரின் தேவையை ஊரார் ஒருவரே அறிந்திருந்ததும், திறன் ஊர்க்காரரின் கையிலேயே தங்கியதும் அம்முயற்சியின் வலிமைகள்.

ஆகவே ஆப்பிரிக்கப் பள்ளியொன்றுக்குச் செல்ல விரும்பும் ஒஸ்லோத் தமிழ் இளைஞரும் அவர்தம் பெற்றோரும், அப்பள்ளி தானே கேட்டுத்தான் ஆள் அழைக்கிறதா, குறைந்தது ஒரு கல்வியாண்டு தங்க இயலுமா, வட்டார மொழியைக் கற்க ஏற்பாடு உண்டா, திரும்பிய பின் பணியைத் தொடரப்போகிறவர் யார் என்ற நான்கையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். விடை கிடைக்காவிட்டால், விமானச் சீட்டுக்கு ஒதுக்கிய பணத்தை அவ்வூர் ஆசிரியரின் சம்பளத்துக்கு அனுப்புவதே மேலான தொண்டு.

(தொடரும்)