காளையா? யானையா? கண்ணை ஏமாற்றும் கல்லும், கண்ணை ஏமாற்றும் வீடியோவும்!

தலை ஒன்று. உடல் இரண்டு. அது காளையா? யானையா?

கும்பகோணத்துக்கு அருகில் உள்ள தாராசுரத்துக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். "இரண்டும்தான்!" என்று சிரிப்பார்கள்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை 12-ம் நூற்றாண்டில் கட்டியவன் இரண்டாம் ராஜராஜ சோழன். 2004-ம் ஆண்டு யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. சக்கரம் பூட்டிய தேர் போன்ற மண்டபம் இங்கே உண்டு. பார்ப்பவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். ஆனால் குழந்தைகள் கூட்டம் கூடுவது ஒரு சின்னச் சிற்பத்தின் முன்னால்தான்.

ஒரு பக்கம் யானையின் உடல். மறுபக்கம் காளையின் உடல். இரண்டும் நேருக்கு நேர் முட்டி நிற்கின்றன. நடுவில் இருப்பதோ ஒரே தலை!

"யானை உடம்பைக் கையால மறைச்சுப் பாரு தம்பி" என்கிறார் ஒரு பாட்டி.

பேரன் மறைக்கிறான். "அப்பாயி, காளை மாடு!" என்று கத்துகிறான்.

"இப்ப மாட்டை மறைச்சுப் பாரு."

"அய்யோ, யானை!"

கல் மாறவில்லை. சிற்பி எழுந்து வந்து திருத்தவும் இல்லை. மாறியது எது? பையனின் மனம்தான்!

பார்ப்பது கண் அல்ல

கண் வெளிச்சத்தை வாங்கி உள்ளே அனுப்புகிறது. "இது யானை, இது காளை" என்று தீர்ப்புச் சொல்வது மூளை. உடல் யானையாக இருந்தால் தலையையும் யானையாக்கி விடுகிறது. உடல் காளையாக இருந்தால் அதே தலை காளையாகி விடுகிறது. இந்த ரகசியத்தைச் சோழ நாட்டுச் சிற்பி 800 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தான்.

இதே போன்ற காளை யானைச் சிற்பம் வேலூர் கோட்டையில் உள்ள ஜலகண்டேசுவரர் கோயிலிலும் இருக்கிறது. பார்த்த மக்கள் விரும்பிய வேடிக்கை இது.

திருச்சிக்கு வந்த ஆடும் படம்

கல் நின்ற இடத்திலேயே ஏமாற்றியது. பிறகு ஓடி ஓடி ஏமாற்றும் ஒன்று காவிரிக் கரைக்கு வந்தது. அதுதான் சினிமா!

1905-ம் ஆண்டு. திருச்சியில் ரெயில்வே ஊழியராக இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு படம் காட்டும் கருவியுடன் அங்கே வந்தார். அவரிடம் இருந்து கருவியை வின்சென்ட் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்துப் படம் காட்டினார்.

திரையில் மனிதர்கள் நடந்தார்கள். ஆனால் உண்மையில் எதுவும் நடக்கவில்லை! சினிமா என்பது அசையாத படங்களின் வரிசை. இன்றைய சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் கண் முன் வந்து போகின்றன. அவற்றை ஒன்றாகக் கோத்து, "ஆள் நடக்கிறான்" என்று மூளை முடிவு செய்கிறது.

உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரு பந்து வரையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் பந்தைக் கொஞ்சம் தள்ளி வரைய வேண்டும். 20 பக்கம் போதும். கட்டை விரலால் விறுவிறு என்று புரட்டுங்கள். பந்து ஓடும்!

பின்னால் உருளும் வண்டிச் சக்கரம்

சினிமாவில் வண்டி முன்னால் போகும். சக்கரம் மட்டும் பின்னால் சுற்றும். பார்த்திருக்கிறீர்களா?

காரணம் எளிது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சக்கரம் சுழல்கிறது. ஓர் ஆரக்கால் அடுத்த ஆரக்காலின் இடத்துக்குச் சரியாக வந்து விட்டால், சக்கரம் நிற்பது போல் தெரியும். கொஞ்சம் முன்னாலேயே நின்று விட்டால், பின்னால் போவது போல் தெரியும். எல்லா ஆரக்காலும் ஒரே மாதிரி இருப்பதால் எது எது என்று மூளைக்குத் தெரிவதில்லை.

செல்போன் இன்னொரு வேடிக்கையும் செய்கிறது. நல்ல வெளிச்சத்தில், ஓடும் மின்விசிறியை வீடியோ எடுங்கள். பல போன்களில் இறக்கைகள் கதிர் அரிவாள் போல வளைந்து தெரியும். ஓடும் பஸ்சில் ஜன்னல் வழியாக எடுத்தால், நேராக நிற்கும் மின்கம்பம் சாய்ந்து தெரியும்.

ஏன்? போன் ஒரு படத்தை ஒரே வீச்சில் எடுப்பதில்லை. வரி வரியாக எடுக்கிறது. முதல் வரியை எடுத்து முடித்துக் கடைசி வரிக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்து விடுகிறது. நகர்ந்த இறக்கை வளைந்த இறக்கையாகப் பதிவாகிறது. பணம் செலவில்லாத கண்கட்டு வித்தை இது!

நெல் மண்டிக் கணக்கும் வீடியோவும்

செல்போனுக்குள் வீடியோ எப்படித் தங்குகிறது? நெல் மண்டிக் கணக்குப்பிள்ளையைப் பாருங்கள், புரிந்து விடும்.

முதல் நாள் அவர் எல்லா மூட்டையையும் எண்ணி, "இருப்பு 500" என்று எழுதுகிறார். மறுநாள் மறுபடியும் 500 மூட்டையையும் எண்ணுவாரா? மாட்டார். "20 வந்தது, 15 போனது" என்று மட்டும் எழுதுவார்.

வீடியோவும் அப்படித்தான். ஒரு காட்சியின் முதல் படம் முழுதாகப் பதிவாகும். அதன் பிறகு பெரும்பாலும் மாறியது மட்டும்தான் பதிவாகும். வயலில் ஒரு கொக்கு நடந்தால், வயலைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. கொக்கு நகர்ந்ததை எழுதினால் போதும். இதனால் போனில் இடம் மிச்சமாகிறது.

இப்போது கணக்கு நோட்டின் முதல் பக்கத்தை ஒருவர் கிழித்து விட்டால்? வரவும் செலவும் இருக்கும். இருப்பு இருக்காது. கணக்கு குளறுபடி ஆகிவிடும்.

இந்தக் குளறுபடியை வேண்டும் என்றே செய்யும் கலைஞர்கள் இருக்கிறார்கள்! வயல் காட்சிக்குப் பிறகு தேரோட்டக் காட்சி வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். தேர்க் காட்சியின் முழுப் படத்தை மட்டும் அவர்கள் கம்ப்யூட்டரில் நீக்கி விடுவார்கள். திரையில் வயல்தான் இருக்கும். ஆனால் தேரின் அசைவு வந்து விடும். பச்சை வயல் தேர் போல ஆடி ஆடி நகரும்! வண்ணங்கள் மெழுகு போல உருகி ஓடும்.

இதற்கு "கிளிட்ச்" கலை என்று பெயர். கிளிட்ச் என்றால் கோளாறு. கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் 1965-ம் ஆண்டிலேயே டெலிவிஷன் பெட்டி மேல் பெரிய காந்தத்தை வைத்துப் படத்தை வளைத்துக் காட்டினார். அமெரிக்கக் கலைஞர் தகேஷி முராட்டா 2005-ம் ஆண்டு செய்த "மான்ஸ்டர் மூவி" என்ற படத்தில் ஒரு பூதம் வண்ணக் குழம்பாக உருகி உருகி எழும்.

கோளாறான படம் டெல்டா மக்களுக்குப் புதிதா? இலங்கையின் ரூபவாகினி 1982-ம் ஆண்டு தொடங்கியது. கடலோர ஊர்களில் உயரமான ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தவர்கள் உண்டு. மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார். கீழே இருந்து, "புள்ளி புள்ளியா வருது, இன்னும் கொஞ்சம்!" என்று குரல் போகும். அன்று விரட்டி அடித்த கோளாறு, இன்று கலையாகி விட்டது!

சிற்பியும் மோசடிக்காரனும்

இதெல்லாம் வெறும் விளையாட்டுதானா? இல்லை.

2023 நவம்பரில் ஒரு வீடியோ நாடு முழுவதும் பரவியது. ஒரு பெண்ணின் உடலில் வேறொரு நடிகையின் முகம்! கம்ப்யூட்டர் ஒட்டிய முகம் அது. பார்த்தவர்கள் பலர் உண்மை என்றே நம்பினார்கள். இப்போது முகத்தை மட்டும் அல்ல, குரலையும் போலியாகச் செய்கிறார்கள். "அம்மா, ஆபத்தில் மாட்டிக் கொண்டேன், பணம் அனுப்பு" என்று மகன் குரலிலேயே பேசி ஏமாற்றும் கூட்டம் இருக்கிறது.

தாராசுரம் சிற்பியும் ஏமாற்றினான். மோசடிக்காரனும் ஏமாற்றுகிறான். வித்தியாசம் என்ன?

சிற்பி தன் வித்தையைக் கோயிலில் எல்லோரும் பார்க்க வைத்தான். "கையால் மறைத்துப் பார், நீயே கண்டுபிடி" என்று விட்டு விட்டான். மோசடிக்காரன் உங்களுக்கு நேரமே தர மாட்டான். "உடனே அனுப்பு" என்பான். "யாரிடமும் சொல்லாதே" என்பான். அவசரமும் ரகசியமும்தான் அவன் ஆயுதங்கள்.

எனவே பதறாதீர்கள். போனை வையுங்கள். மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய் விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். அது இணைய மோசடிக்கான அரசின் உதவி எண்.

நிழல் சொல்லும் பாடம்

தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1010-ம் ஆண்டு முடிந்த கோயில் அது. விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. ஒரு நாள் மாலையில் போய்ப் பாருங்கள். நிழல் தாராளமாகத் தரையில் விழுகிறது! ராஜராஜனின் பெருமை அதனால் குறைந்து விட்டதா? கொஞ்சமும் இல்லை. அவ்வளவு உயரத்தை எழுப்பியதே பெருமைதான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தாராசுரத்துக் காளை யானை கண்ணுக்குப் பாடம். பெரிய கோயில் நிழல் காதுக்குப் பாடம்.

அடுத்த விடுமுறையில் குழந்தைகளைத் தாராசுரத்துக்கு அழைத்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நோட்டில் பந்து வரையச் சொல்லுங்கள். வித்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்த பிள்ளை சுலபத்தில் ஏமாறாது.

அப்புறம் பாருங்கள். போனில் ஏதாவது வீடியோ வந்தால், "இருங்க அப்பாயி, முதல்ல கையால மறைச்சுப் பார்ப்போம்" என்று பேரனே சொல்வான்!