2010-கள்: தென்காசியில் அந்தப் பத்து வருஷம் என்னதான் நடந்தது?

அமெரிக்கர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தங்கள் வரலாற்றைப் பத்துப் பத்து வருஷமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் கொடுத்துவிடுவார்கள். அறுபதுகள் என்றால் வியட்நாம் போர் எதிர்ப்பு, உட்ஸ்டாக், நிலவில் ஆம்ஸ்ட்ராங். எண்பதுகள் என்றால் ரீகன், எம்.டி.வி., வீட்டுக்குள் வந்த கம்ப்யூட்டர். நெல்லைச் சீமையில் கணக்கே வேறு. ‘92 வெள்ளத்துக்கு முன்னாடி’, ‘எம்.ஜி.ஆர். இருந்தப்போ’ என்றுதான் பேச்சு ஓடும். ஆனாலும் 2010 முதல் 2019 வரை அமெரிக்கப் பாணியில் தனியாக எடுத்துப் பார்த்தால், தென்காசியும் குற்றாலமும் வேறு ஊர்களாகவே மாறியிருப்பது தெரியும்.

ரயில் நின்ற எட்டு வருஷம்

பத்தாண்டு தொடங்கியதே ஒரு நிறுத்தத்தோடுதான். 1904-இல் ஓடத் தொடங்கிய செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010 செப்டம்பரில் மூடப்பட்டது. தூரம் சுமார் 49 கி.மீ.தான். ஆனால் குகைகள், கண் பாலங்கள், மலைச்சரிவு என அத்தனையும் அதற்குள் இருந்ததால் மறுபடி ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. நடுவில், 2012-இல் தென்காசி - நெல்லை அகலப்பாதை வந்தது ஓர் ஆறுதல். அதுவரை கொல்லத்துக்குப் போக வேண்டியவர்களுக்குப் புளியரை வழியாகப் பஸ்தான் கதி.

மாவட்டம் வந்ததும் இதே பத்தாண்டின் கடைசியில்தான். 2019 ஜூலையில் சட்டப்பேரவையில் அறிவிப்பு, நவம்பர் 22-இல் தொடக்கம். தமிழகத்தின் 33-வது மாவட்டம். அதற்கு முன் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுக்கணும்னாலும் நெல்லை கொக்கிரகுளம் வரை போகணும். ஒரு நாள் கூலி காலி.

கலிஃபோர்னியா டு மத்தளம்பாறை

வெளியூர்க்காரர்கள் அதிகம் பேசியது இன்னொரு விஷயத்தை. 1996-இல் ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் அமெரிக்காவிலும் சென்னையிலும் காலூன்றிய ஸோஹோ நிறுவனம், 2011-இல் தென்காசியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஓர் அலுவலகம் திறந்தது. அது பிறகு மத்தளம்பாறையில் பெரிய வளாகமானது. பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் வாங்கிய ஸ்ரீதர் வேம்பு, பத்தாண்டின் இறுதியில் கலிஃபோர்னியாவை விட்டு இங்கேயே குடிவந்தார். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, வேட்டி கட்டி சைக்கிள் ஓட்டும் அவர் படம் இல்லாத போனே இல்லை.

படத்தைவிட முக்கியம், ஆள் எடுக்கும் முறை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருவதை அந்த நிறுவனம் 2005-லேயே தொடங்கியிருந்தது. தென்காசிக்கு அது வந்தபோது, ‘வேலைன்னா சென்னை, இல்லன்னா வளைகுடா’ என்ற கடையநல்லூர்ப் பக்கத்துக் கணக்கில் மூன்றாவதாக ஒரு வழி சேர்ந்தது.

அதற்காக மாவட்டமே ஐ.டி. ஆகிவிட்டது என்பதெல்லாம் ஓவர். கீழப்பாவூர், ஆலங்குளம், கடையநல்லூர் வட்டாரங்களில் பெண்கள் கையில் இன்றும் பெரும்பாலும் பீடித்தட்டுதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு விழுந்த வரி 28 சதவீதம். வீட்டுத் திண்ணையில் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு அந்தப் பத்தாண்டின் பெரிய செய்தி அதுதான். மத்தளம்பாறையைப் பற்றி எழுதியவர்கள் இதை எழுதியது குறைவு.

பரோட்டா, சூரியகாந்தி, போன்

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அப்புறம் ஊரின் பெருமை வாய்மொழியாகப் பரவ வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. பிரானூர் ‘பார்டர்’ பரோட்டாவும் நாட்டுக்கோழியும் யூடியூப் சேனல்களால் உலகத் தமிழர் வீட்டு ஆசையானது. (1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, பார்டர் போய் எத்தனையோ வருஷமாகியும் பெயர் மட்டும் போகவில்லை.) ‘ரோஜா’ படத்தில் வந்த சுந்தரபாண்டியபுரத்துக்கு, சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்து கார் கார்களாக ஆட்கள் வருகிறார்கள். செல்ஃபி எடுக்க வயலில் இறங்கிச் செடியை மிதித்துவிட்டுப் போகிறவர்களால் நஷ்டம் விவசாயிக்கு.

குற்றாலமும் தப்பவில்லை. எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இதே பத்தாண்டில். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால்தான் குற்றாலம் என்று வளர்ந்த தலைமுறைக்கு முதலில் கசந்தது. தண்ணீருக்கு அது நல்லதே. ஆனால் கூட்டம் கூடக் கூட, ரிசார்ட்டுகளும் கூடின. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பி செயற்கை அருவி கட்டும் தனியார் இடங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022-இல் மறுபடியும் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். படிகளில் ஜனங்கள் தலைதெறிக்க ஓடும் வீடியோ சில நிமிடங்களில் எல்லோர் போனிலும் வந்துவிட்டது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவியடியில் வெயில் அடித்தாலும், மேலே காட்டுக்குள் பெய்யும் மழை கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கிவிடும். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சத்தம் கூடினாலோ, போலீஸ் விசில் அடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.