திருப்பிக் கொடுத்த ரோல்

கண் பேசும் கதை – 9

1989. லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்காக டெல்லித் திருநங்கையரைப் படமெடுக்கப் போகிறார் புகைப்படக்காரர் தயானிதா சிங். மோனா அகமதுவைச் சந்திக்கிறார். பேச்சு நடக்கிறது, படங்களும் எடுத்தாகிவிட்டது. அப்புறம்தான் இது எந்தப் பத்திரிகையில் வரும் என்று கேட்கிறார் மோனா. லண்டன் என்றதும் பதறிப்போகிறார். அங்கே அவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஃபிலிமைக் கொடுத்துவிடு என்கிறார். தயானிதா கொடுத்துவிடுகிறார்.

செல்போனில் ‘டெலிட்’ அழுத்துவதைப் போல இதை நினைத்துவிடக் கூடாது. கழுவாத ரோலைக் கொடுத்தால் அன்றைய உழைப்பு, அன்றைய கூலி, பத்திரிகைக்குச் சொன்ன வாக்கு எல்லாம் அதோடு போயிற்று. நகல் கிடையாது. அப்போது தயானிதாவுக்கு வயது 28. வெளிநாட்டுப் பத்திரிகை வாய்ப்பு லேசில் கிடைக்கிற வயதல்ல.

நான் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், கட்டடம் இடிந்து விழுந்த செய்திக்காகப் புகைப்படக்காரர் ஒருவருடன் போயிருந்தேன். கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருவர், “என் படத்தைப் போட்டுடாதீங்க தம்பி” என்று கையெடுத்துக் கும்பிட்டார். போட மாட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம். அந்த வாரம் அரைப்பக்கத்துக்கு வந்தது அந்தப் படம்தான். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, தயானிதாவின் பேட்டிகளில் இந்த ரோல் கதை வரும்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

ரோலைத் திருப்பிக் கொடுத்ததில் ஒரு சிநேகம் பிறந்தது. மோனா 2017இல் இறக்கும்வரை அது நீடித்தது. மோனா வளர்ப்பு மகள் ஆயிஷாவின் பிறந்தநாளைத் தடபுடலாகக் கொண்டாடியது, அந்தக் குழந்தை தன் கையைவிட்டுப் போனது, தன் கூட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டு இடுகாட்டில் குடியேறியது என எல்லாவற்றுக்கும் தயானிதா பக்கத்தில் இருந்தார். 2001இல் சூரிச் நகரின் ‘ஸ்காலோ’ பதிப்பகம் ‘மைசெல்ஃப் மோனா அகமது’ என்ற புத்தகத்தை வெளியிட்டது. அதன் எழுத்து மோனாவுடையது, பதிப்பாளருக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல்கள். தன் கதையைத் தானே சொல்லும் உரிமையைப் படத்தில் இருப்பவருக்கே விட்ட புத்தகம் அது. இன்று திருநங்கையர் பற்றி எத்தனையோ ஆல்பங்கள் வருகின்றன. எழுத்தை அவர்களிடமே விட்டவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சென்ற வாரம் புகைப்படக்காரர் ரகு ராய் பற்றிப் பேசினோம். அந்தப் பேச்சு முழுக்கக் கணத்தைப் பற்றியது. கண் திறந்திருக்க வேண்டும், கை தயாராக இருக்க வேண்டும், தவறவிட்டால் போயிற்று. தயானிதாவைக் கேட்டால் நேர் எதிர்த் திசையில் நடக்கத் தொடங்குவார். படம் எடுத்தது வெறும் கச்சாப் பொருள். எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம், எதைத் தூக்கிப் போடுகிறோம், எந்த வடிவில் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் வேலையே தொடங்குகிறது என்பது அவர் கட்சி. தன்னை அவர் ‘ஆஃப்செட் ஆர்ட்டிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்வதும் இதனால்தான். பிரேமுக்குள் மாட்டிய ஒற்றைப் படத்தைவிட, அச்சகத்தில் பெருகி வெளிவரும் புத்தகமே அவருக்குக் கலைப்பொருள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் புகைப்படக்காரராக ஆசைப்பட்டு வந்தவரே இல்லை. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் கிராஃபிக் டிசைன் படிக்கப் போனவர். ஒரு மனிதரின் மாறும் மனநிலைகளைப் படமெடுத்து வா என்று வகுப்பில் ஒரு பயிற்சி. ஜாகிர் உசேனின் தபலாக் கச்சேரிக்குக் கேமராவோடு போனார். படமெடுக்கக் கூடாது என்றார் அமைப்பாளர். தள்ளுமுள்ளில் எல்லார் முன்னாலும் கீழே விழுந்தார். அவமானம். வீட்டுக்குப் போகவில்லை, வெளியே காத்திருந்தார். ஜாகிர் உசேன் வந்ததும், இன்று நான் ஒரு மாணவி, ஒருநாள் பெரிய புகைப்படக்காரியாவேன், அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம் என்ற தொனியில் பொரிந்து தள்ளினார். அவரோ சிரித்துக்கொண்டே, வந்து எடுத்துக்கொள் என்று அழைத்தார்.

அதன்பின் ஆறு குளிர்காலங்கள் அந்தக் கச்சேரிக் கோஷ்டியோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1986இல் ‘ஜாகிர் உசேன்’ அவருடைய முதல் புத்தகமாக வந்தது. ஜாகிரைத்தான் தன் முதல் குரு என்பார். பஸ்ஸிலும் கிரீன் ரூமிலும் அவர் பார்த்தது, ஒரே தாளத்தை நூறு தடவை வாசித்துப் பார்க்கும் ரியாஸ், நம் ஊர் வித்வான்கள் சாதகம் என்கிறார்களே, அது. பிற்பாடு ஒரே படத்தைப் பத்துப் புத்தகங்களில் பத்து அர்த்தத்தில் அவர் வைத்ததற்கு வேர் அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரே ராகத்தைத் தினம் பாடுகிறவரிடம், இதை நேற்றே பாடிவிட்டீர்களே என்று யாரும் கேட்பதில்லை.

நியூயார்க்கில் படித்துத் திரும்பிய பிறகு சில வருஷம் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வேலை. அவர்கள் கேட்ட இந்தியா நமக்குத் தெரிந்ததுதான்: பாலியல் தொழில், குழந்தைத் தொழிலாளர், எய்ட்ஸ். கசந்துபோய் அதை விட்டார். தனக்குத் தெரிந்த, தன் வகுப்பைச் சேர்ந்த குடும்பங்களின் வரவேற்பறைகளுக்குள் கேமராவைக் கொண்டுபோனார். ஏழையைப் படமெடுக்க யாரிடமும் அனுமதி கேட்காத தொழில், வசதியானவரின் சோபாவுக்கு முன்னால் எப்படி நடந்துகொள்கிறது என்பது சுவாரஸ்யமான சோதனை. அந்தக் குடும்பப் படங்கள் ‘பிரைவஸி’ என்ற புத்தகமாயின.

அந்தக் காலத்தில் அவர் கையில் இருந்தது ஹாசல்பிளாட். சதுரப் படம், 120 ரோலுக்கு 12 தான். நம் ஊர் ஸ்டுடியோக்களில் யாஷிகா பிடித்தவர்களுக்கு அந்த வசதி புரியும். கேமரா வயிற்றருகே இருக்கும். குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும், கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். முக்கியமான விஷயம், எடுப்பவரின் முகத்தைக் கேமரா மறைக்காது. எதிரே இருப்பவரோடு பேசிக்கொண்டே எடுக்கலாம். துப்பாக்கி பிடிப்பதுபோல் கண்ணுக்கு நேரே தூக்கிக் குறிபார்க்கிற கேமராவில் இது நடக்காது.

இவ்வளவு திட்டமிடுகிறவருக்குத் தற்செயலிலும் நம்பிக்கை உண்டு. ஒருமுறை கறுப்பு வெள்ளை ஃபிலிம் தீர்ந்துபோய், பகல் வெளிச்சத்துக்கான கலர் ஃபிலிமில் எடுக்க நேர்ந்தது. பொழுது சாய்ந்த பின் எடுத்தவையெல்லாம் நீலமாக வந்து நின்றன. வேறொருவர் லேப்காரரைத் திட்டியிருப்பார். இவர் 2009இல் ‘ப்ளூ புக்’ என்று ஒரு புத்தகம் போட்டார்.

எனக்குப் பிடித்தது அவருடைய அடுக்களை மியூசியம். யாரோடாவது பயணம் போய்வந்தால், எடுத்த படங்களைச் சின்னச் சின்னதாகப் பிரிண்ட் போட்டு, விசிறி மடிப்பாக மடிகிற நோட்டில் ஒட்டுவார். ஒன்று கூட வந்த நண்பருக்கு, இன்னொன்று தன் சமையலறைக் கண்ணாடிப் பெட்டிக்கு. அவற்றில் ஏழு நோட்டுகளைத் தேர்ந்து 2008இல் ‘சென்ட் எ லெட்டர்’ என்று பெட்டிக்குள் வைத்து ஸ்டைடல் பதிப்பகம் வெளியிட்டது. கல்கத்தா, பம்பாய், வாரணாசி என்று போகும் வரிசையில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரமும் உண்டு. விரித்து நிறுத்தினால் மேஜைமேல் ஒரு கண்காட்சி தயார். கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் நகைக்கடை ஒன்று அட்டிகைகள் இருக்கவேண்டிய கண்ணாடி அலமாரியில் இதை வைத்தது. அந்தப் பெட்டிக்குள் இன்னொரு புத்தகத்தின் பெயர் ‘நோனி சிங்’. அவருடைய அம்மா. நான்கு மகள்களையும் விடாமல் படமெடுத்துச் சேர்த்து வைத்தவர். மியூசியம் கட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

2013இன் ‘ஃபைல் ரூம்’ பற்றி ஒரு வார்த்தை. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு அறைக்குள் போனவர்களுக்கு அந்தப் படங்கள் பழகின காட்சி: துணியில் கட்டிய மூட்டைகள், கூரை வரை அடுக்கு, நடுவே ஒரு மனிதர். எந்த மூட்டையில் எது என்று அந்த ஒருவருக்குத்தான் தெரியும். தகப்பனார் இறந்தபின் சொத்து வழக்குகளின் காகிதங்களுக்கு நடுவே வாழ்ந்த குடும்பம் தயானிதாவினுடையது. அதனால் அந்தக் காகித மலைகளை அவர் வேடிக்கைப் பொருளாகப் பார்க்கவில்லை. கொஞ்சம் பயத்தோடும் கொஞ்சம் பாசத்தோடும் பார்த்திருக்கிறார்.

2017இல் வந்த ‘மியூசியம் பவன்’ ஒரு பெட்டி. உள்ளே ஒன்பது சிறு மடிப்புப் புத்தகங்கள், கூடவே ஒரு உரையாடல் நூல். பதிப்பாளர் கெர்ஹார்ட் ஸ்டைடலோடும் எழுத்தாளர் அவீக் சென்னோடும் அவர் நடத்திய பேச்சு அது. பேட்டியையும் படைப்புக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டார்! இத்தொடர் எழுதுகிற எனக்கு அது கொஞ்சம் பொறாமைதான். இவ்வளவு புத்தகமும் ஸ்டைடல் விலையில் நம் ஊர் மாணவர் கைக்கு எட்டுமா என்பது மட்டும் என் குறை. ஜனநாயகமான கலை வடிவம் என்று புத்தகத்தைச் சொல்லலாம், பெட்டியின் விலைச்சீட்டு அப்படிச் சொல்வதில்லை.

2022இல் ஸ்வீடனின் ஹாசல்பிளாட் விருது அவருக்குக் கிடைத்தது. 1980 முதல் கொடுக்கப்படும் அந்த விருதைத் தெற்காசியாவிலிருந்து பெற்ற முதல் ஆள் அவர். பரிசு 20 லட்சம் ஸ்வீடன் குரோனா. அதைத் தொடர்ந்து, பி. சாய்நாத்தின் ‘பாரி’ இணைய இதழோடு சேர்ந்து ஆவணப் புகைப்படத்துக்கென ஒரு விருதை உண்டாக்கினார். முதல் விருது மதுரைக்காரரான எம். பழனிகுமாருக்குப் போனது. ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், கேமரா வாங்கியதும் மீன் விற்கும் தன் தாயைப் படமெடுத்தவர். அடுத்த வாரம் அவரிடம் போவோம்.

(தொடரும்)