பருத்திப் புழுவை மடக்கும் மணம்: தனி வயலில் பலிக்காது

புது தில்லி: பஞ்சாபின் பதிண்டா, மான்சா மாவட்டங்களில் 2021-ஆம் ஆண்டில் இளஞ்சிவப்பு காய்ப்புழு பருத்தியைச் சூறையாடியது. 2018-இல் 2.5 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த அம்மாநிலத்தின் பருத்திப் பரப்பு, 2024-இல் சுமார் ஒரு லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. பலர் நெல்லுக்கு மாறினர். நிலத்தடி நீர் வற்றிவரும் மாநிலத்துக்கு இது இரட்டை இழப்பு.

இப்புழுவையும் தடுக்கும் என்ற நம்பிக்கையுடன் 2002-இல் பி.டி. பருத்தி அனுமதிக்கப்பட்டது. ஆனால், குஜராத்தில் புழு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதை விதை நிறுவனமான மான்சான்டோவே 2010-இல் ஒப்புக்கொண்டது. 2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை விதையும் பின்னர் தோற்றது. காய்க்குள் புகுந்த புழுவைப் பூச்சிமருந்து எட்டுவதில்லை. பருத்தியில் மருந்து தெளிப்பதன் ஆபத்தோ 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் வெளிப்பட்டது. அங்கு நச்சு தாக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்நிலையில் விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டும் ஆயுதம், பூச்சியின் சொந்த மணம். இரவில் பெண் அந்துப்பூச்சி தன் வயிற்று நுனியிலிருந்து மணத்தைப் பரப்புகிறது. ஆண் பூச்சி அதை உணர்கொம்புகளால் அறிந்து தேடி வருகிறது. இத்தகைய இனக்கவர்ச்சிப் பொருளை முதன்முதலில், 1959-இல், பட்டுப்பூச்சியில் இனங்கண்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி பூட்டெனான்ட். காய்ப்புழுவின் மணம், ஏறத்தாழ ஒன்றுபோலுள்ள இரு வேதிப்பொருள்களின் சரிபாதிக் கலவை என்பது 1973-இல் தெரியவந்தது.

அக்கலவையை இரு வழிகளில் பயன்படுத்தலாம். ஒன்று, இனக்கவர்ச்சிப் பொறி. தொடர்ந்து மூன்று இரவுகள் ஒரு பொறியில் எட்டு ஆண் பூச்சிகள் வீதம் சிக்கினால், கட்டுப்பாட்டு நடவடிக்கை தேவை என்பது எச்சரிக்கை அளவு. மற்றொன்று, மணம் கசியும் கயிற்றைச் செடிகளில் கட்டுவது. வயல் முழுவதும் மணம் நிறைந்துவிடுவதால் பெண் எங்கே என்று புரியாமல் ஆண் அலைகிறது; இனச்சேர்க்கை தடைபடுகிறது.

எனினும், ஒருவர் மட்டும் கயிறு கட்டினால் போதாது. அடுத்த வயலில் கருவுற்ற பெண் பூச்சி, வரப்பைக் கடந்து வந்து முட்டையிட்டுவிடும். அமெரிக்காவில் பி.டி. பருத்தி, இனக்கவர்ச்சிப் பொருள், மலடாக்கப்பட்ட பூச்சிகள் ஆகியவற்றை விவசாயிகளும் அரசும் சேர்ந்து வட்டாரம் வட்டாரமாகப் பயன்படுத்தினர். அங்குள்ள பருத்தி வயல்களிலிருந்து இப்புழு ஒழிக்கப்பட்டதாக 2018-இல் அறிவிக்கப்பட்டது.

சிறு விவசாயிகள் நிறைந்த இந்தியாவில் அத்தகைய ஒருங்கிணைப்பு தானாக உருவாகாது. வயலில் குவிக்கப்படும் பருத்தி மார்களையும் பஞ்சாலைக் கழிவுகளையும் அகற்றுவது முதல் ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் கயிறு வழங்குவது வரை, மத்திய, மாநில அரசுகள் கைகோத்தால்தான் இந்த மணம் பலன் தரும்.